பிரிந்த குடும்பங்களுக்கு நான் சொன்ன புத்தி

தமிழ் எழுதிப் பிழைப்பவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் நான், 'பிரிவு' என்கிற மூன்றெழுத்துச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல், போன வருஷம் மைசூரில் ஒரு மண்டபம் நிறையப் பெண்கள் முன்னால் முக்கால் மணி நேரம் பேசினேன். அதுவும் தழுதழுத்த குரலில். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கைதட்டல் எனக்குக் கிடைத்ததில்லை.

விஷயம் இதுதான். ராணுவத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. மனைவி மக்களை அழைத்துப்போக முடியாத இடத்துக்கு, அதாவது பனிமலைக்கோ எல்லைக்கோ கப்பலுக்கோ ஒருவரை அனுப்பினால், ஊரில் இருக்கும் அவருடைய வீட்டாருக்கு 'செபரேட்டட் ஃபேமிலி' என்று பெயர். அப்படியே தமிழில் சொன்னால் பிரிந்த குடும்பம். அவ்வளவுதான். சண்டை எதிரியோடு, வீட்டில் இல்லை. நாட்டில் சிப்பாய் முதல் ஜெனரல் வரை எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி எனக்கு மட்டும் தெரியாது.

தொலைபேசியில் என்னை அழைத்தவர் சுலோசனா. ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரியின் மனைவி. அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்தவர். மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, ஆங்கிலத்தில் நடத்தி, கன்னடத்தில் முடிப்பார்.

"செபரேட்டட் ஃபேமிலீஸுக்கு நாங்க வருஷா வருஷம் ஒரு கெட்-டுகெதர் வெக்கிறோம் சார். ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் மூணும் சேந்து. பாவம், தனியா இருக்கிறவங்க. நிறையப் பேர் தமிழ்க்காரங்க. நீங்க வந்து கொஞ்சம் சிரிக்க வைக்கணும், அல்வா?"

அல்வாவை நான் உபசரிப்பின் பகுதி என்று எடுத்துக்கொண்டேன். கன்னடத்தில் அதற்கு 'இல்லையா?' என்று அர்த்தமாம்.

முப்படைகளிலும் இத்தனை பேர் மனைவியோடு ஒத்துப்போகாமல் பிரிந்துவிட்டார்களே என்று எனக்கு நாட்டின் பாதுகாப்பைப் பற்றியே கவலை வந்துவிட்டது. வீட்டில் சொன்னேன். "நீங்க போய்ப் பேசினா மிச்சம் இருக்கிறவங்களும் பிரிஞ்சிடுவாங்க" என்றாள் மனைவி. அந்த ஊக்கத்தோடு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை மைசூரில் இறங்கியதும் முதல் காரியமாக மசால் தோசை சாப்பிட்டேன். தோசையின் உள்பக்கம் சிவப்புச் சட்னியைப் பூசி, உருளைக்கிழங்கை வைத்து மடித்து, மேலே ஒரு வெண்ணெய் உருண்டையை உட்காரவைத்துத் தருகிறார்கள். அது உருகுவதற்குள் சாப்பிடுவதா, உருகுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன். சாம்பாரில்தான் வழக்கு. வெல்லம் போட்டிருந்தார்கள். சென்னையில் சாம்பாரில் வெல்லம் விழுந்தால் விபத்து. இங்கே அது கொள்கை. "காரமான சாம்பார் இல்லையா?" என்று சர்வரைக் கேட்டேன். அவர் என் முகத்தைக் கருணையோடு பார்த்து, "ஏன் சார், ஜலதோஷமா?" என்று பாதித் தமிழில் விசாரித்தார்.

குடியிருப்புக்குப் போக டாங்கா பிடித்தேன். பாதி வழியில் ஒரு மருந்துக்கடை வாசலில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் நாக்கைச் சொடுக்கினார், செல்லம் கொஞ்சினார், திட்டினார். அது அசையவில்லை. ரிட்டயர்டான வாத்தியார் ஒருவரைத் தினமும் அந்த இடத்தில்தான் இறக்கிவிடுவாராம். யாராவது இறங்கினால் தவிர அதற்கு மனசு கேட்காதாம். "ஒரு தடவை இறங்கி ஏறிடுங்க சாமி, அதுக்குத் திருப்தியாயிடும்" என்றார். இறங்கினேன். குதிரை திரும்பி என்னைப் பார்த்தது. ஏறினேன். நடந்தது. எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் எதற்குமே திருப்திப்படாதவர்கள் என்பதால், இந்தக் குதிரைமேல் எனக்கு மரியாதை உண்டானது.

ஊரின் சந்தடி அடங்கிய ஒரு மூலையில், பெரிய மரங்களுக்கு நடுவே இருந்தது குடியிருப்பு. வாசலில் மூன்று மொழிகளில் பலகை. தமிழ் வரி கொட்டை எழுத்தில் இருந்தது: 'பிரிந்த குடும்பங்கள் குடியிருப்பு.' எனக்கிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அதைப் படித்ததும் போயிற்று.

"வாங்க சார். ஃபார்மாலிட்டி எல்லாம் பேடா, உக்காருங்க" என்றார் சுலோசனா. அல்வாவுக்குப் பிறகு இப்போது பேடா. தட்டில் இரண்டும் வரவில்லை. 'பேடா' என்றால் 'வேண்டாம்' என்பதைக் காபி குடித்து முடித்த பிறகு தெரிந்துகொண்டேன்.

சுற்றிக் காட்டினார். பிள்ளைகளுக்கு வருஷ நடுவில் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தருகிறார்கள். பெண்களைத் தொழிற்படிப்புகளில் சேர்த்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கணவன்மாரோடு தொலைபேசியில் பேச ஏற்பாடு. வாசலில் நின்ற வெள்ளை வேன் பிரசவத்துக்கு. அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்.

"ஆர்மிக்காரிக்கு வலி வந்தா நேவிக்காரிதான் கூடப் போகணும். நேவிக்காரிக்கு ஏர்ஃபோர்ஸ்காரி. சொந்தப் படைக்காரி போனான்னா ரெண்டு பேரும் சேந்து அழுதுட்டிருப்பாங்க, யாருக்கும் யூஸ் இல்ல."

பிரிந்த பிறகு தொலைபேசி எதற்கு, பிரசவம் எப்படி என்று ஒரு கணம் உள்ளே உறுத்தியது. பெண்களிடம் இதையெல்லாம் கேட்பது நாகரிகம் இல்லை என்று அடக்கிக்கொண்டேன். நாகரிகத்தால் நான் அடைந்த நஷ்டங்களில் அதுதான் பெரிது.

சமையலறையில் ஜெசிந்தா என்பவரை அறிமுகப்படுத்தினார். தூத்துக்குடிக்காரர், கணவர் கடற்படையில். சமையலறையைக் கப்பல் பாஷையில் 'கேலி' என்றுதான் சொல்வார். "உங்களுக்கு டிபன் கேலில ரெடியா இருக்கு சார்" என்றதும், என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

"வீட்டுக்காரர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவுகளா? என்னத்தச் சொல்ல சார். வருஷத்துல பாதி நாளு தண்ணிக்குள்ளதான் கெடக்காக."

"எப்போதிருந்து இந்தப் பழக்கம்?"

"கல்யாணத்துக்கு முந்தியே உண்டும் சார். தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். மேல வந்துட்டா மனுஷன் தங்கம்."

இவ்வளவு பெருந்தன்மையை நான் எந்தப் பெண்ணிடமும் கண்டதில்லை. அவர் கணவர் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்கிறார் என்பதை நான் எப்படிக் கண்டேன்?

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இளம்பெண் சரசு. காலைச் சுற்றிக்கொண்டு அவளுடைய மூன்று வயது மகள். சொந்த ஊர் ஹனூருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் மார்டள்ளி என்கிற தமிழ்க் கிராமம். கணவன் பழனிச்சாமி தரைப்படையில் இருக்கிறானாம்.

"அவரு மேலயே இருக்காருங்க சார். தைக்கு முன்னால போனவரு. அடுத்த மாசம் எறங்கி வந்துருவாருன்னு நெனக்கறனுங்க."

கோபத்தின் உச்சியில் இருக்கிற கணவன், எப்படியும் இறங்கி வருவான் என்று நம்புகிற மனைவி. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கவனிக்காமல் முகம் மலர்ந்து சொன்னாள்: "திங்கக்கிழமை எக்ஸ்ரே எடுக்கற படிப்புல சேர்றனுங்க. சுலோசனாம்மாதான் எடம் வாங்கிக் குடுத்தாங்க. அன்னிக்குப் போயி சேரலீன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்களாமுங்க. அவருக்கும் எளுதிப்போட்டேன், ரொம்ப சந்தோசமுங்க அவருக்கு."

இந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது, மூளைவரை போகவில்லை. அன்று சாயங்காலம் லாட்ஜில் உட்கார்ந்து உரையைத் திருத்தினேன். குடியைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். பிடிவாதத்தைப் பற்றி ஒரு பத்தி.

சனிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் முதலில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறினேன். உள்ளே எல்லாரும் நீலச் சட்டை. எனக்கு ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இன்னொருவர் பத்திரிகை கொடுத்தார். மைசூர்க்காரர்களின் பண்பாட்டை நினைத்து நெகிழ்ந்தேன். கண்டக்டர் வராதது மட்டும்தான் புதிராக இருந்தது. பஸ் ஊரைத் தாண்டி ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குள் நுழைந்து ஒரு பெரிய கேட்டுக்குள் போய் நின்றது. காவலாளி எனக்கு சல்யூட் வைத்தார். அது தொழிற்சாலையின் சொந்த பஸ். நீலச் சட்டைக்காரர்கள் என்னைப் புது மேலதிகாரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சார் ஆடிட்டுங்களா?" என்று ஒருவர் தமிழில் கேட்டார். தர்மபுரிப் பக்கத்து ஃபிட்டர். இல்லை, சொற்பொழிவு என்றேன். "அடப்பாவமே" என்று ஷிப்டு முடிந்து கிளம்பிய நண்பரின் மொபெட்டில் என்னை ஏற்றிவிட்டார். நண்பரின் சாப்பாட்டு கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, மீதிச் சாம்பாரைச் சட்டையில் வாங்கிக்கொண்டு குடியிருப்பின் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வெல்லம் போட்ட சாம்பார் என்பதால் பகல் முழுக்க ஈ மொய்த்தது.

பேசத் தொடங்கினேன். "சகோதரிகளே, பிரிவு ஒரு முடிவு அல்ல. உங்கள் கணவன்மாரும் மனிதர்கள்தான்."

சின்னதாகச் சிரிப்பு எழுந்தது.

"யார் முதலில் பேசுவது என்று பார்க்காதீர்கள். நீங்களே ஒரு ஃபோன் போடுங்கள். அவர் எடுத்ததும் திட்டாதீர்கள்."

மண்டபம் அதிர்ந்தது. ஒரு நிமிடப் பேச்சுக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறவர்கள் அவர்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்? தைரியம் வந்து, எங்கள் வீட்டையே உதாரணம் காட்டினேன். எனக்கும் மனைவிக்கும் பேச்சு நின்றுபோய், உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்க எதிர்வீட்டுக்காரரைத் தூது அனுப்பிய கதையைச் சொன்னேன். பிறகு குடிக்கு வந்தேன். "தண்ணியிலேயே கிடக்கிறாரா? வெறுக்காதீர்கள். அன்பால் வெளியே கொண்டுவாருங்கள்." ஜெசிந்தா நாற்காலியை விட்டுச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறாரா? கீழே இருந்து கத்தாதீர்கள். அவராக இறங்கி வரட்டும்." முன்வரிசையில் ஒரு கர்னலின் மனைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கம் தாளாமல்தான் சிரிக்கிறார்கள் என்று முடிவு செய்து குரலை இன்னும் தழுதழுக்கவிட்டேன். சத்தம் கூரையைத் தொட்டது.

இறங்கியதும் சுலோசனா கையைப் பிடித்துக் குலுக்கினார். "செபரேட்டடை அப்படியே டைவர்ஸ் மாதிரி ஆக்கிட்டீங்களே! சப்மரீன்காரரைக் குடிகாரர் ஆக்கினீங்க பாருங்க, என்ன கற்பனை சார்! முகத்துல ஒரு சிரிப்புக் கூட இல்லாம!"

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. பழந்தமிழ் அகத்திணை இலக்கணத்தில் பிரிவை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள்: படிக்கப் போகும் பிரிவு, தூது போகும் பிரிவு, போருக்குப் போகும் பிரிவு. மூன்றாவதை நான் பரீட்சைக்கு நெட்டுருப் போட்டவன். பிரிவு என்றதும் அது நினைவுக்கு வரவில்லை. குடும்பநல கோர்ட்டுதான் வந்தது. "ஏதோ தோன்றியது" என்று அடக்கமாகச் சொல்லிப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு மூன்று படையும் தனித்தனியாகச் சமைத்திருந்தார்கள். தரைப்படை பூரி கிழங்கு, கடற்படை மீன் குழம்பு, விமானப்படை கேக். எது நன்றாயிருந்தது என்று மூன்று பக்கமும் கேட்டார்கள். கேள்விக்குப் பின்னால் பீரங்கி இருப்பது தெரிந்ததால் வாயில் கேக்கை நிரப்பிக்கொண்டேன்.

அப்போது பின்வாசல் பக்கம் குரல் உயர்ந்தது. வெள்ளை மீசை, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. சரசுவின் மாமனார் மாரப்பன். காலை பஸ்ஸில் மார்டள்ளியிலிருந்து வந்து, மண்டபத்தின் கடைசியில் நின்று என் பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"துணிமணிய எடுத்து வெய்யி கண்ணு. நாளைக்கு ஊருக்குப் போலாம்."

"மாமா, திங்கக்கிழமை படிப்புல சேரோணுங்களே."

"படிப்பு கெடக்குது. மொதல்ல நம்மூரு புளி யாவாரி இங்கே வந்துபோட்டு, 'உம்பட மருமவ புருசனப் பிரிஞ்சவிய ஊட்டுல இருக்கறா'ன்னு டீக்கடையில வெச்சுச் சொன்னான். நம்பலே. இன்னிக்கு வாசல்ல போர்டப் பாத்தேன். அப்பவும் நம்பலே. இப்ப மெட்ராஸ்ல இருந்து வந்த பெரிய மனுசனே மைக்குல சொல்லிப்போட்டாரு. இனி நான் என்ன பண்ணட்டும்?"

"அது பட்டாளத்துப் பாசைங்க மாமா."

"பட்டாளத்துல இருக்கறவன் எம்பட பையன். அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

சுலோசனா ஓடிவந்தார். "ஐயா, அது ஜோக்கு! சார் சும்மா ஹாஸ்யத்துக்குப் பேசினார், அல்வா சார்?"

"புருசன் பொண்டாட்டி பிரியறது உங்கூர்ல ஜோக்குங்களா?" என்று மாரப்பன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். சரசு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் கைதட்டலை வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஐயா, அது ஜோக் இல்ல" என்றேன். "எனக்கு நிஜமாவே தெரியாது. இவங்க எல்லாரும் வீட்டுக்காரரோட சண்டை போட்டுப் பிரிஞ்சவங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன், பேசினேன். தப்பு என்னோடது. உங்க மருமகமேல ஒண்ணும் இல்ல."

முதலில் எழுந்தது ஜெசிந்தாவின் குரல்: "ஏ ஆத்தீ! அப்ப எங்க வீட்டுக்காரவுகளக் குடிகாரன்னே நெனச்சுட்டியளா?"

"ஆமாம்மா."

இந்தமுறை எழுந்த சிரிப்பு மண்டபத்தில் எழுந்ததைவிடப் பெரிது. இது முழுக்க முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. கர்னலின் மனைவி மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். மாரப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, ஒண்ணும் தெரியாமயா அத்தன நேரம் பேசுனீங்க?"

"அது பழக்கம்தாங்க" என்றேன்.

அவர் மீசை கொஞ்சம் அசைந்தது. "உங்களுக்குத் தெரியலீங்கறதை நம்பறேன். பாத்தாலே தெரியுது. ஆனா எம்பையன் பக்கமிருந்து ஒரு வார்த்தை வரோணும். அது வந்தா இவ இருக்கட்டும். இல்லீன்னா நாளைக்கு மத்தியானப் பஸ்ஸு."

அன்றே ஊர் திரும்புவதாக இருந்தவன் தங்கிவிட்டேன். தீ வைத்தவன் அணைவதையாவது பார்க்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை, அலுவலகத்தின் கறுப்பு டெலிபோனைச் சுற்றிப் பெண்கள் தலைக்குக் குளித்து, பூ வைத்து, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். தொலைபேசியில் புடவை தெரியாதே என்று நான் கேட்கவில்லை. அந்த மட்டும் புத்தி வந்திருந்தது. மலைமேல் இருக்கும் முகாமிலிருந்து ஒரு கம்பி ராணுவ எக்ஸ்சேஞ்சுக்கு வருகிறது. அங்கிருந்து விமானப்படை எக்ஸ்சேஞ்சு. அங்கிருந்து இங்கே. வழியில் எங்காவது காற்றடித்தால் குரல் தேய்ந்துவிடும். அன்று அடித்தது. பழனிச்சாமி இருந்த உயரத்திலிருந்து லைன் கிடைக்கவே நெடுநேரம் ஆயிற்று. தரைப்படைப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் முறையைச் சரசுவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒருத்தி தலைப்பூவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "எனக்கு அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்றாள்.

ஒருவழியாக மணி அடித்தது. சுலோசனா ரிசீவரை மாரப்பன் கையில் கொடுத்தார். மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏண்டா பழனிச்சாமி, நல்லாருக்கியா? கொரலு ஏன் இப்பிடி ஆயிப்போச்சு?"

"ஐயா, நான் பழனிச்சாமி இல்ல. ஏர்ஃபோர்ஸ் ஆப்பரேட்டர், மதுரைக்காரன். உங்க மகன் லைன்ல இருக்காரு. ஆனா அவரு கொரல் எனக்கே எட்டலை. ஆர்மி எக்ஸ்சேஞ்சுல ஒரு பஞ்சாபிக்காரர் இருக்காரு, அவருக்குத்தான் கேக்குது. நீங்க சொன்னா நான் அவருக்கு இந்தியில சொல்றேன், அவரு மேல சொல்லுவாரு. வெரசாச் சொல்லுங்க."

மாரப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை பேர் வாய்வழியாகப் பெற்ற பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குக் கூச்சம். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு முணுமுணுத்தார்.

"அவனுக்கும் சரசுக்கும்… மனத்தாங்கல் ஏதாச்சும்…"

"என்னது? சத்தமாச் சொல்லுங்கய்யா!"

"மனத்தாங்கலுங்க! மனசு… தாங்கல்!"

"மனசு தாங்கலையா? சரி சரி, சொல்லிடறேன்."

மறுமுனையில் இந்தி ஓடியது. 'தில், தில்' என்று இரண்டு தடவை காதில் விழுந்தது; இந்தியில் மனசுக்கும் நெஞ்சுக்கும் அது ஒன்றே சொல். சரசு மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு ஆப்பரேட்டர் பதறிக்கொண்டு வந்தார்.

"ஐயா! உங்க மகன் கேக்காரு, எத்தனை நாளா நெஞ்சு வலின்னு!"

"ஆருக்கு நெஞ்சு வலி?"

"உங்களுக்குத்தான்யா!"

"எனக்கா?"

"இருங்க, இன்னும் சொல்றாரு. 'நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. சரசு இருக்கா, அவகிட்ட விட்டுருங்க. டாக்டர்கிட்ட அவளோட போங்க. அவ என்ன சொல்றாளோ அதக் கேளுங்க. ஊருக்குக் கெளம்பாம அவகூடவே இருங்க. அவ எக்ஸ்ரே படிக்கப் போறா, மொதல் படம் உங்களுக்குத்தான் எடுக்கச் சொல்லியிருக்கேன்.' சரசு, சரசுன்னே சொல்றாராம், பஞ்சாபிக்காரர் பேரு என்னன்னு திரும்பத் திரும்பக் கேக்கிறாரு—"

"டேய், எனக்கு ஒண்ணுமில்லடா!" என்று மாரப்பன் கத்தினார். கம்பி அறுந்துவிட்டது.

ரிசீவரைக் கையில் பிடித்தபடியே எங்கள் பக்கம் திரும்பினார்.

"பெத்தவனுக்கு நெஞ்சு வலின்னு கேட்டும் எனக்குன்னு சொன்னது 'பயப்படாதீங்க'ங்கற ஒரே வார்த்தை. மிச்சம் பூராவும் சரசு, சரசு." ரிசீவரை வைத்தார். "மனத்தாங்கலு அவனுக்கும் எனக்குந்தானாட்ட இருக்குது."

சரசுவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அளுகாத கண்ணு. நீ அளுதா எனக்கு நெசமாலுமே நெஞ்சு வலிக்கும். நாளைக்கு எத்தன மணிக்குப் போகோணும்? புள்ளைய ஆரு பாத்துக்குவா? சரி உடு, நான் இருக்கறேன். உம்பட புருசனே இருக்கச் சொல்லிப்போட்டானே."

ஜெசிந்தா கைதட்டினார். தலைப்பூவை எடுத்து வைத்தவள் அதை எடுத்துச் சரசுவின் தலையில் வைத்தாள். மலைமேல் பயந்துபோயிருக்கும் பிள்ளைக்கு 'அப்பா நலம், வலி இல்லை, சரசு நாளை சேர்கிறாள்' என்று சுலோசனா உடனே செய்தி அனுப்பினார். இந்தமுறை நெஞ்சு என்ற சொல்லே வராதபடி எழுதியது நான். மூன்று நாளில் நான் செய்த ஒரே உருப்படியான தமிழ்த்தொண்டு அதுதான்.

வாசல் பலகையைத் திருத்துவது என்றும் முடிவாயிற்று. 'காத்திருக்கும் குடும்பங்கள்' என்று நான் சொன்னேன். பஸ் நிலையம் போல இருக்கிறது என்று கடற்படை மறுத்தது. 'தனிக்குடும்பங்கள்' என்றது விமானப்படை. மாமியாரோடு சண்டை என்று அர்த்தமாகிவிடும் என்றது தரைப்படை. மூன்று படையும் ஒப்புக்கொள்ளும் சொல் கிடைக்கிறவரை பலகையைச் சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டார்கள். நான் கிளம்பும்போது அதன் முதுகில் மாரப்பன் துண்டை உலர்த்தியிருந்தார்.

மைசூர்பாகு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். மனைவி கேட்டபோது, கூட்டம் சிரித்தது என்று மட்டும் சொன்னேன். யாரைப் பார்த்து என்று அவள் கேட்கவில்லை.

பல மாதம் கழித்து சுலோசனா தொலைபேசியில் அழைத்தார். நான் வெளியே போயிருந்தேன், மனைவிதான் எடுத்தாள். சரசு படிப்பை முடித்து ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். முதல் படம் மாமனாருக்குத்தானாம். நெஞ்சில் ஒரு குறையும் இல்லையாம். பழனிச்சாமி மலையிலிருந்து எப்போதோ இறங்கிவிட்டானாம், இப்போது லீவில் வந்திருக்கிறானாம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாரப்பன், உப்புக்குத் தூது அனுப்பிய என்னை நினைத்து வருத்தப்பட்டு, "பாவம், அந்த மெட்ராஸ்காரரு ஊட்டம்மாகூடச் சேந்துட்டாருங்களா?" என்று விசாரித்தாராம்.

"நீ என்ன சொன்னே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"யோசிச்சுக்கிட்டிருக்கேன்னு சொல்லச் சொன்னேன்" என்றாள்.